லாரி விபத்து: காரணமும் பொறுப்பும்

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று விபத்துக்குள்ளானால், அங்கே கூடுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "டிரைவர் எங்கே?" என்பதே. அவர் ஓடிவிட்டார் என்றால் குற்றம் உறுதியாகிவிட்டது என்று கருதுகிறோம். அகப்பட்டுக்கொண்டாரானால், தம் கையாலேயே தீர்ப்பு வழங்கிவிடவும் சிலர் துணிகின்றனர். இவ்விரண்டினாலும் காயமுற்றுக் கிடப்பவருக்கு எள்ளளவும் பயனில்லை. அவருக்கு வேண்டுவது உடனடியான மருத்துவம்; உழைக்க இயலாத நாட்களுக்கு ஈடான ஊதியம்; கையையோ காலையோ இழந்தாரெனில், இனி அவர் குடும்பம் உண்டு உடுத்து வாழ்வதற்கு ஒரு வழி. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்கிப் பிழைக்கும் ஒரு டிரைவரால் இவற்றைத் தர இயலுமா? இயலாது என்பதை யாவரும் அறிவோம். அங்ஙனமாயின் தரவேண்டியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண, விபத்து எங்கே தொடங்குகிறது என்பதை நாம் முதலில் ஆராய வேண்டும்.

2023ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 4,80,583 விபத்துகள் நிகழ்ந்தன. 1,72,890 பேர் உயிரிழந்தனர். மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. நாளொன்றுக்கு 470க்கு மேற்பட்ட உயிர்கள் என்று ஆகிறது. இவற்றுள் லாரி சம்பந்தப்பட்டவை தனிக் கவனத்துக்கு உரியவை. இரண்டு அச்சுகள் கொண்ட சாதாரண லாரி, சட்டம் அனுமதிக்கும் முழுப் பாரத்துடன் 18.5 டன் எடை இருக்கலாம். இருவர் ஏறிய மோட்டார் சைக்கிளைப் போல் அது அறுபது மடங்கு எடை உடையது. மோதலில் வெளிப்படும் ஆற்றல் எடைக்கு ஏற்ப உயரும்; வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். ஆகவே, காரும் காரும் மோதும்போது காயத்தோடு போகக்கூடிய ஒரு சிறு பிழை, லாரியினிடத்தில் உயிரையே வாங்கிவிடுகிறது.

முதற்காரணம் மிகையான பாரம். சட்டம் வகுத்த எடைக்கு மேல் ஏற்றிய லாரி, பிரேக்கை மிதித்த பின்னும் நெடுந்தூரம் ஓடியே நிற்கும். டயர் சூடேறி வெடிக்கும். வளைவில் வண்டி கவிழும். இப்பாரத்தை ஏற்றியவர் யார்? டிரைவரன்று. சரக்கை அனுப்புவோரும் வண்டியின் சொந்தக்காரரும் பேசி முடித்த வாடகையே அதை ஏற்றுகிறது. இவ்வுண்மையைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. மிகைப் பாரத்தோடு பிடிபட்ட லாரியை ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் அல்லர் எனில், அக்குற்றம் சொந்தக்காரரின் அறிவோடோ அவர் கட்டளைப்படியோ நிகழ்ந்ததென நீதிமன்றம் அனுமானம் செய்துகொள்ளலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இக்குற்றத்துக்கு அபராதம் ரூ. 20,000, அதற்கு மேல் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000.

இரண்டாவது காரணம், இறக்கமும் பிரேக்கும். புணே நகரை அடுத்த நவலே பாலத்தருகே 2022 நவம்பர் 20ஆம் நாள் இரவு, நீண்ட இறக்கத்தில் வந்த ஒரு பெரிய லாரி நாற்பதுக்கு மேற்பட்ட வண்டிகளின் மீது மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்றே முதலில் பேசப்பட்டது. பின்னர் வண்டியைச் சோதித்தவர்கள், இறக்கத்தில் எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது என்று கூறினர். எரிபொருளை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவதும், கியரை விலக்கி நியூட்ரலில் உருளவிடுவதும் நம் நாட்டில் பழகிப்போன வழக்கங்கள். இதன் கேட்டைச் சற்று விளக்குவோம். பெரிய லாரிகளின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. அக்காற்றை அழுத்தித் தருவது எஞ்சினோடு இணைந்த ஒரு கருவி. எஞ்சின் நின்றுவிட்டால் தொட்டியில் எஞ்சியிருக்கும் காற்றே துணை. மிதிக்க மிதிக்க அதுவும் குறையும். கியரில் இருக்கும் வண்டியை எஞ்சினும் சேர்ந்து பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்த உதவி இல்லை. முழுச் சுமையும் பிரேக்கின் மீதே விழுகிறது. பிரேக் டிரம்மும் லைனிங்கும் கொதித்து, பிடிமானம் தளர்ந்துவிடுகிறது.

"பிரேக் பழுதாயிற்று; நாங்கள் என்ன செய்வோம்?" என்று சொந்தக்காரர் கையை விரித்துவிட முடியாது. இயந்திரக் கோளாறே விபத்துக்குக் காரணம் என்று வாதிடுவோர், தக்க எச்சரிக்கை யாவற்றையும் தாம் மேற்கொண்டதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. தகுதிச் சான்று கையிலிருப்பது மட்டும் போதாது. தேய்ந்த டயரையும் கசியும் காற்றுக் குழாயையும் உரிய காலத்தில் மாற்றியதற்குச் சான்று வேண்டும்.

மூன்றாவது காரணம் உறக்கம். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஐந்து மணி வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. நெடுந்தூர லாரிகளில் இவ்விதி ஏட்டளவிலேயே நின்றது. சரக்கு ஏற்றும் கிடங்கில் பகலெல்லாம் காத்திருப்பு; அதற்குக் கூலி கிடையாது. இரவு புறப்பட்டால், விடியுமுன் குறித்த ஊரை அடைய வேண்டும் என்ற நெருக்கடி. மனிதனின் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் பின்னிரவு வேளையில், எஞ்சின் சூடும் முன்னால் எதிர்விளக்கின் கூச்சமுமாக அவர் ஓட்டுகிறார். கண் இரண்டு நொடி மூடினால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி முப்பது மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறை குளிர்சாதன வசதி பெற்றிருக்க வேண்டும் என்று அரசு விதித்தது இக்குறையை ஓரளவு எண்ணியே. ஆயினும் உறக்கத்துக்கு மாற்று உறக்கமேயன்றி வேறில்லை. நெடும்பயணத்துக்கு இரண்டாம் டிரைவரை வைப்பது சொந்தக்காரரின் கடமை.

நான்காவது, நின்றுகொண்டிருக்கும் லாரி. ஓடும் லாரியைக் காட்டிலும் நிற்கும் லாரி சில வேளைகளில் கொடியது. டயர் வெடித்தோ அச்சு முறிந்தோ நடுச்சாலையில் நின்றுவிட்ட வண்டியைச் சுற்றிச் சில கற்களை வைத்து, ஒரு மரக்கிளையைச் செருகிவிட்டு, டிரைவரும் கிளீனரும் மெக்கானிக்கைத் தேடிச் சென்றுவிடுகின்றனர். பின்விளக்கு எரிவதில்லை, எதிரொளிப் பட்டையின்மேல் சேறு. இருளில் வரும் கார்க்காரரின் கண்ணுக்கு அது தென்படும்போது, பிரேக் மிதிக்க இடமிருப்பதில்லை. லாரியின் பின்புறத்தில் தாழ்வாகப் பொருத்தப்பட வேண்டிய இரும்புத் தடுப்பு இல்லையானால், கார் அதனடியில் புகுந்துவிடும். பின்புறம் நீண்டு நிற்கும் இரும்புக் கம்பிகளோ ஈட்டிகளைப் போன்றவை. பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ வண்டியைத் தாண்டி நீளும் சுமைக்கு இன்று ரூ. 20,000 அபராதம் உண்டு. நடுச்சாலையில் விளக்கின்றி நிறுத்தியிருந்த எரிவாயு லாரியின் மீது கார் மோதிய வழக்கு ஒன்றில், கார் ஓட்டியவருக்கும் பாதிக் குற்றம் உண்டு என்று உயர் நீதிமன்றம் கூறியதை 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முழுக் கவனக்குறைவும் லாரியைச் சார்ந்ததே எனத் தீர்த்தது.

இக்காரணங்களைக் கோத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். விபத்து சாலையில் நிகழ்கிறது. ஆனால் அதன் வித்து கிடங்கிலும், பணிமனையிலும், வாடகை பேசும் லாரி ஆபீஸிலும் முன்னரே ஊன்றப்படுகிறது. ஆதலின் பொறுப்பும் ஓட்டியவரோடு நின்றுவிடுதல் நியாயமன்று. நம் சட்டம் இந்நியாயத்தைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்ததற்காகத் தண்டனை பெறுவது வேறு. காயமுற்றவருக்கு நஷ்டஈடு தருவது வேறு. முன்னது டிரைவர் மீது குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பது. பின்னது சொந்தக்காரரையும் சாரும். வேலையாள் தம் வேலையின்போது செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய நீதி. அந்த முதலாளியிடமும் பணமில்லையெனில் என் செய்வது? இதற்காகவே 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் என்று விதித்தது. சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் துன்பத்தைக் களைய, நஷ்டஈட்டுக் கோரிக்கைக்கென்றே டிரிபியூனல்களை நிறுவ 1956ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் தொடர்ந்தது. ஆகவே டிரிபியூனலில் மனுச் செய்வோர், டிரைவர், சொந்தக்காரர், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஆகிய மூவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்கின்றனர்.

வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் இயலாது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரு வண்டிகளின் கவனக்குறைவால் மூன்றாமவர் காயமுற்றால், அவர் எந்த வண்டியின் தரப்பிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவ்விரு தரப்பினரின் பாடு.

"வண்டியை உபயோகித்ததால் நேர்ந்த விபத்து" என்னும் சட்டச்சொல் எவ்வளவு விரிந்த பொருளுடையது என்பதற்கு ஒரு வழக்கு சான்றாகும். 1987 அக்டோபர் 29ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில், மகாராஷ்டிர மாநிலத்தில் புணே-பெங்களூர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் ஏற்றிய லாரி ஒன்று மற்றொரு லாரியோடு மோதிச் சாலையோரத்தில் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்தது. சுமார் நான்கு மணி நேரங்கழித்து அது தீப்பற்றி வெடிக்க, அருகே கூடியிருந்தவர்களில் சிலர் மாண்டனர், பலர் தீக்காயமுற்றனர். ஓடாமல் கவிழ்ந்து கிடந்த வண்டிக்கு இன்ஷ்யூரன்ஸ் பொறுப்பு உண்டோ என்பது கேள்வி. உண்டு என்று 1991ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோதலும் வெடிப்பும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததே என்பது அதன் கருத்து. கவிழ்ந்த டாங்கர் லாரியின் அருகே செல்லலாகாது என்னும் பாடத்தையும் நாம் இதனின்று பெறுகிறோம்.

நஷ்டஈட்டை எவ்வாறு கணக்கிடுகின்றனர்? முப்பத்திரண்டு வயதுள்ள கொத்தனார் ஒருவர் லாரி விபத்தில் வலக்காலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ரூ. 15,000, ஆண்டுக்கு ரூ. 1,80,000. நாற்பது வயதுக்குட்பட்ட, சொந்தத் தொழில் செய்வோர்க்கு, வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விதி. ஆகத் தொகை ரூ. 2,52,000. 31 முதல் 35 வயதுக்குரிய பெருக்கல் எண் 16 என்று 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு அட்டவணை தருகிறது, பெருக்கினால் ரூ. 40,32,000. உழைக்கும் திறனில் நூற்றுக்கு 75 போயிற்று என்று டிரிபியூனல் முடிவு செய்தால், வருமான இழப்பு மட்டும் ரூ. 30,24,000. மருத்துவச் செலவு, உதவியாளர் கூலி, செயற்கைக் கால், பட்ட வேதனை ஆகியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றுண்டு. டாக்டர் தரும் சான்றில் ஊனத்தின் அளவு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். வருமான இழப்பு அவ்வெண்ணாகவே இருக்க வேண்டுவதில்லை. ஒரு கையை இழந்த தச்சருக்கோ டிரைவருக்கோ தொழில் முழுவதுமே போய்விடக்கூடும். அதே இழப்பால் அலுவலக எழுத்தர் வேலையை இழக்காமலும் இருக்கலாம். தொழிலோடு பொருத்தியே இழப்பை அளக்க வேண்டும் என்று 2010ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே செய்த தொழிலுக்குரிய சான்றைச் சேர்த்து வைப்பது மருத்துவச் சான்றைப் போலவே முக்கியமானது.

டிரைவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி வாதாடினால் காயமுற்றவர் கைவிடப்பட்டாரோ எனின், இல்லை. கம்பெனி முதலில் தொகையைச் செலுத்தி, பின்னர் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு டிரிபியூனல் ஆணையிடலாம் என்று 2004ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால், சரக்கு லாரியில் பயணியாக ஏறிச் சென்றவர் நிலை வேறு. சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் சென்றால் பாதுகாப்பு உண்டு. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் லாரியின் மேல் நெருக்கி அமர்ந்து செல்வோர்க்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்பது 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவர்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரே கதி. ஒரு நாள் பேருந்துக் கூலியை மிச்சப்படுத்தப் போய் குடும்பத்தின் காப்பை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! டிரைவரும் கிளீனரும் காயமுற்றாலோ, 1923 முதல் நம் சட்டத்தில் இடம்பெற்றுள்ள தொழிலாளர் நஷ்டஈட்டு உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வழியையோ டிரிபியூனல் வழியையோ, ஒன்றையே அவர்கள் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் உயிரைக் காக்க வேண்டும். காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்த்தவரை, பெயரைச் சொல்லுமாறோ சாட்சியாகுமாறோ எவரும் வற்புறுத்தலாகாது என்று சட்டம் காப்பளிக்கிறது. 2025 மே மாதம் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் விபத்து நேர்ந்த நாள் முதல் ஏழு நாட்கள் வரை, ரூ. 1,50,000 வரையிலான சிகிச்சையைப் பணம் செலுத்தாமலே பெறலாம். அடுத்து, லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் டிரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதி. இவை அனுப்பப்பட்டனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வாழும் ஊரின் டிரிபியூனலிலும் கொடுக்கலாம். பிற மாநிலத்தில் கூலி வேலைக்குச் சென்று காயமுற்றுத் திரும்பியவர்க்கு இது பெரிய ஆறுதல். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. எனினும் அதை நம்பித் தாமதிப்பது விவேகமாகாது. எவர் மீதும் குற்றத்தை மெய்ப்பிக்காமலே மரணத்துக்கு ரூ. 5,00,000, கொடுங்காயத்துக்கு ரூ. 2,50,000 பெறவும் ஒரு பிரிவு உள்ளது. ஆனால் அத்தொகையை உரிய முறையில் ஏற்றுக்கொண்டவரின் டிரிபியூனல் மனு அத்துடன் காலாவதியாகும். மேலே கண்ட கொத்தனார் அவசரப்பட்டு இதனை ஏற்றால், முப்பது லட்சத்தை விட்டு இரண்டரை லட்சத்தோடு அமைய நேரும். கையெழுத்திடுமுன் அறிந்தவரைக் கலந்துகொள்ளுதல் நன்று. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற் போனால், மரணத்துக்கு ரூ. 2,00,000, கொடுங்காயத்துக்கு ரூ. 50,000 அரசுத் திட்டத்தில் கிடைக்கும். இதற்கு விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் போன்ற வருவாய்த்துறை அதிகாரியை அணுக வேண்டும்.

லாரி நம் பகையன்று. நாம் உண்ணும் கோதுமையும், வீடு கட்டும் செங்கல்லும், நோய்க்கு உண்ணும் மருந்தும் அதன் முதுகிலேதான் வருகின்றன. அதை ஓட்டுபவரும் வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கும் ஒரு தொழிலாளியே. ஆயினும் சரக்கு மலிவாய் வந்து சேர்வதற்காக ஒருவரது உறக்கத்தையும் மற்றொருவரது காலையும் விலையாகக் கொடுப்பது நாகரிகச் சமூகத்துக்கு அடுக்காது. பாரத்தைக் குறைத்து, பிரேக்கைச் சோதித்து, டிரைவரை உறங்கவிடும் சொந்தக்காரர், நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நாளையே பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார். அங்ஙனம் செய்யத் தவறியவரிடம் தம் உரிமையைக் கேட்டுப் பெறுவது காயமுற்றவரின் பேராசையன்று. அடுத்த விபத்தைத் தடுப்பதற்கும் அதுவே ஒரு வழி.